கம்ப்யூட்டருக்குள் குடிவைத்த கம்ப்யூட்டர்

தெருவில் அவருக்குப் பேர் நானேக்காரர். வாயைத் திறந்தால் 'நானே' என்றுதான் ஆரம்பிப்பார். 'நானே பழுது பார்த்தேன்', 'நானே சுவரை இடிச்சேன்', 'நானே பேசி முடிச்சேன்'. சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட 'நானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன்' என்று ஏதோ மலையேறி வந்தவர்போலச் சொல்வார். பட்டப்பேர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவரோ மேடையேறி வாங்கிய பட்டம்போல அதை மார்பில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, பெருமைப்பட அவரிடம் விஷயம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா, பள்ளிக்கூடம் அவரை விட்டதா என்பது இன்றுவரை தீராத வழக்கு. எம்பிராய்டரி கம்பெனி ஒன்றில் தரையில் விழும் நூல் துணுக்குகளைப் பெருக்குகிற வேலையில் சேர்ந்தார். பெருக்கிக்கொண்டே மெஷினைப் பார்த்தார். பார்த்துப் பார்த்தே அதன் வயிற்றில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். ஒரே படத்தை ஆறு துணிகளில் தைக்கும் ஆறு தலை மெஷின் ஒன்றை இனி ஓடாது என்று கம்பெனி பழைய இரும்புக்குப் போட முடிவு செய்தபோது, இவர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து இறக்கினார். பல மாதங்கள் புருஷனும் பெண்டாட்டியும் பல்சக்கரங்களுக்கும் பெல்ட்டுகளுக்கும் நடுவில்தான் படுத்து எழுந்தார்கள். கடைசியில் ஒருநாள் ஆறு ஊசிகளும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. அன்றைக்குப் பெருமையில் பின்னால் சாய்ந்த தலை, அப்புறம் நேராகவே இல்லை.

முன்னறையே கடையானது. டிரைவர்களின் சட்டைப்பையில் கம்பெனிப் பேர், பள்ளிக்கூடச் சின்னம், ஹோட்டல் துண்டுகளில் அடையாளப் படம் என்று வேலை வந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடினால் மாடிவீட்டு அலமாரியில் பாத்திரங்கள் ஆடும். மாடிவீட்டுக்காரர் தரையைத் தடியால் தட்டுவார். நானேக்காரர் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொள்வார்.

ஆனால் ஒரு விஷயம் உண்டு. ஆறு ஊசிகளுக்கும் சொந்த புத்தி கிடையாது. எந்த இடத்தில் குத்த வேண்டும், நூல் எந்தப் பக்கமாகப் படுக்க வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்று யாராவது கம்ப்யூட்டரில் தையல் தையலாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைத் தொழிலில் பஞ்சிங் என்பார்கள். அந்தப் பஞ்சிங் முழுக்க அவர் மனைவியுடையது. கையால் பூவேலை செய்து பழகியவள். எந்தத் துணி எவ்வளவு சுருங்கும், எந்த நூல் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். நானேக்காரர் அந்தப் பக்கம் விரலை வைத்ததே இல்லை.

இருந்தாலும் வாடிக்கையாளர் யாராவது துணியைத் தடவிப் பார்த்து, "அருமையா இருக்கே, யார் போட்டது?" என்று கேட்டால், யோசிப்பதற்குமுன் அவர் வாய் முந்திக்கொள்ளும்.

"நானே."

பின்னால் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருக்கும் மனைவியின் கத்தரிக்கோல் அந்த நேரத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கடிக்கும்.

அந்தப் பஞ்சிங் வேலை நடந்த பழைய கம்ப்யூட்டர் ஒரு மத்தியானம் கருகிய வாசனையோடு கண்ணை மூடியது. நானேக்காரர் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். மெஷினென்றால் தட்டுவது, கேட்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவது, இதுதான் அவர் வைத்தியம். இந்த நோயாளி எழுந்திருக்கவில்லை. புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை இரண்டு திரைகளோடு வாங்கிவந்தார். அதுவோ பஞ்சிங் மென்பொருளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அந்த மென்பொருள் பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். அதைச் செய்த கம்பெனியும் கடையைச் சாத்திக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது.

மனைவியின் தம்பியை வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதே அவன் பிழைப்பு. முன்வழுக்கை விழுந்த குடும்பஸ்தன். செத்த கம்ப்யூட்டரைப் பிரித்து அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"உடம்புதான் போச்சு மாமா. உள்ள இருந்தது அப்படியே இருக்கு. இதைப் புதுக் கம்ப்யூட்டருக்குள்ள குடிவெச்சிடலாம்."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணா? ஏன் மாப்ளே, காலையிலேயே ஏதாவது போட்டுட்டு வந்தியா?"

"நிஜமாத்தான் மாமா. இந்தப் புதுசு, உள்ள ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கிக் காட்டும். பழைய சிஸ்டம் அதை நம்பி, நம்ம சொந்த வீட்டுலதான் இருக்கோம்னு நிம்மதியா ஓடும். வெளியில ஒரு உலகம் இருக்கறதே அதுக்குத் தெரியாது."

"உங்கக்காகிட்ட நான் செஞ்சது மாதிரி."

"அது என்னங்க செஞ்சீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா, தொழில் பேச்சு!"

வேலை முடியும் தறுவாயில் மச்சினன் திரையில் ஒரு நீளக்கோட்டைக் காட்டினான். கோட்டில் ஒரு குமிழ். "இதுதான் முக்கியம் மாமா. இருக்கற மெமரியில உள்ள இருக்கறதுக்கு எவ்வளவு, வெளியில எவ்வளவுன்னு நாம பிரிச்சுத் தரணும். வலது பக்கம் தள்ளினா உள்ள தாராளம், வெளியில இறுக்கம்."

நானேக்காரர் கோட்டைப் பார்த்தார். தன் கைக்காசில் வாங்கிய புதுச் சரக்கைப் பார்த்தார். செத்துப்போனதற்குப் பாதி வீட்டை எழுதிக் கொடுப்பதா? "வாடகைக்கு வர்றவனுக்கு ஒரு ரூம் போதாதா?" என்று மவுஸைத் தானே வாங்கி, குமிழை இடது ஓரத்துக்குத் தள்ளினார்.

"ரொம்பக் கம்மி மாமா. அதால மூச்சுவிட முடியாது."

"ஓடுதா இல்லையா?"

"ஓடும். ஆனா..."

"ஓடினா சரி."

அந்த நேரம் பார்த்து மச்சினனுக்கு வேறெங்கோ இருந்து போன் வந்தது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஒரு வாரம் நானேக்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு, "ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர். நானே பண்ணினேன்" என்று காட்டினார். இடது திரையில் பழைய சிஸ்டம், மனைவியின் பஞ்சிங். வலது திரை அவருடையது. அதில் கணக்கு, பில், அவை இல்லாத நேரத்தில் மல்யுத்த வீடியோ. அவை இல்லாத நேரமே அதிகம்.

மவுஸ் மட்டும் ஒன்றுதான். அது மனைவியின் திரைக்குள் நுழைந்துவிட்டால் தானாக வெளியே வராது. வலதுபக்க கன்ட்ரோல் பொத்தானை அழுத்தினால்தான் விடும். முதல்நாள் இது தெரியாமல், நானேக்காரர் மவுஸைத் தூக்கி உதறி, மேஜையில் தேய்த்து, திட்டியும் பார்த்தார். மனைவி எட்டி ஒரு பொத்தானை அழுத்தியதும் அது துள்ளி அவர் பக்கம் வந்தது.

"நானே எடுத்திருப்பேன்" என்றார்.

"எடுத்திருப்பீங்க. மவுஸுக்குத்தான் பொறுமையில்லை."

வேலை தொடங்கிய பிறகுதான் வினை தெரிந்தது. உள்ளே இருந்த சிஸ்டம் நத்தையாக ஊர்ந்தது. ஒரு கோடு இழுத்தால், 'காத்திரு' என்று திரையில் மணல்கடிகாரம். ஒரு நிறம் மாற்றினால் மணல்கடிகாரம். பழைய கம்ப்யூட்டரில் கண்மூடித் திறப்பதற்குள் வந்த பூ, இதில் ஒவ்வோர் இதழாக யோசித்து யோசித்து மலர்ந்தது.

"பழசு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றார் நானேக்காரர், வலது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"செத்துப்போனது உயிரோட இருந்தப்ப இதைவிட வேகமா ஓடிச்சுங்க."

"அதுக்கு வயசாயிடுச்சும்மா."

"செத்ததுக்கு அப்புறமுமா வயசாகும்?"

அவர் வீடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய ஹோட்டல் ஒன்றின் மேனேஜர் வந்தார். வேலையாட்கள் அத்தனை பேர் சீருடைக் கோட்டிலும், அறைக்கு அறை துண்டுகளிலும் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை மாதிரியைக் காட்டி, பிடித்தால் முழு வேலையும் இந்தக் கடைக்கு. இல்லையென்றால் தெருமுனையில் இதே தொழில் செய்யும் மூலைக்கடைக்கு. நானேக்காரர் வழக்கம்போல, "கொக்கா? நானே பறக்க விடறேன்" என்றார்.

மூலைக்கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. அவரிடம் புது மெஷினும் புதுப் பஞ்சிங் மென்பொருளும் இருந்தன. பஞ்சிங் தெரிந்த கைதான் இல்லை. நானேக்காரர் போட்டதாகச் சொல்லும் படங்களையெல்லாம் உண்மையில் யார் போடுவது என்று தெரு முழுக்கத் தெரியும், மூலைக்கடைக்காரருக்கும் தெரியும். நானேக்காரர் மனைவியை வழியில் பார்த்து, "தனி மேஜை, தனி கம்ப்யூட்டர், யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார்.

அவள் ஒளிக்கவில்லை. அசையாமல் நின்ற மணல்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"மூலைக்கடையில என்னை வேலைக்குக் கூப்பிடறாங்க."

"கூப்பிடுவான், கூப்பிடுவான். நீ என்ன சொன்னே?"

"இன்னும் சொல்லலை. இந்தக் கொக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சா இங்க. முடியலைன்னா அங்க. இந்த மாதிரி உக்காந்து மணலை எண்ண என்னால முடியாதுங்க."

நானேக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் விளையாடும்போது மூக்கைச் சொறிவாள். இப்போது சொறியவில்லை.

மறுநாள் அவள், "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று மூலைக்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டுத் துணி. அதில் ஓர் இலை. சும்மா முயற்சி பண்ணிப் பார்த்தாளாம். நானேக்காரர் வாங்கிப் பார்த்தார். நரம்பு நரம்பாகப் பச்சை படுத்திருந்தது. இப்படி ஒரு வேலை தன் முன்னறையில் தவிர வேறெங்கும் பிறந்து அவர் பார்த்ததில்லை. அவளோ பல நாளாகக் காணாத முகத்தோடு, கை நிறைய நூல்கண்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நானேக்காரர் மச்சினனுக்குப் போன் போட்டார். கை வேலையாக இருந்ததால் போனை மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டார். வாழ்க்கையில் அவர் செய்த தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

"மாப்ளே, உங்கக்காவுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். இந்த உள்வீட்டு விவகாரம் சரிப்படலை. ரொம்ப மெதுவா இருக்கு."

"எதுக்கு மாமா இன்னொண்ணு? அந்த மெமரியைக் கூட்டி வைக்க வேண்டியதுதானே?"

"எந்த மெமரி?"

"அதான் மாமா, நீங்களே இழுத்து ஓரத்துல வெச்சீங்களே. வாடகைக்கு வர்றவனுக்கு ஒரு ரூம் போதும்னு. நான்தான் அன்னைக்கே மூச்சுவிட முடியாதுன்னு சொன்னேனே."

நானேக்காரர் பாய்ந்து போனை அணைத்தார். அலமாரிப் பக்கம் நூல்கண்டு அடுக்கும் சத்தம் நின்றிருந்தது.

"யாருங்க வாடகைக்கு வந்தது?"

"அது... பழைய சிஸ்டத்தைச் சொன்னேம்மா."

"அதுக்குள்ள பொழுதெல்லாம் உக்காந்திருக்கறது யாரு?"

"நீதான்."

"மல்யுத்தத்துக்கு மாளிகை. எனக்கு ஒரு ரூம்." அவள் ஒரு சிவப்புக் கண்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "நானும் பழசு, மெதுவாத்தான் இருக்கும்னு அதுமேல பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்தேனே!"

அவள் சண்டை போடவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். டீ போட உள்ளே போய்விட்டாள். ஒரு டம்ளர் டீயோடு வந்து தன் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தாள். ஒரு டம்ளர் மட்டும்தான்.

நானேக்காரருக்குப் பொறுக்கவில்லை. பெரிய மனுஷன் என்றால் தப்பையும் பெரிதாகத்தான் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. அவள் துணி காயவைக்க மொட்டைமாடிக்குப் போன நேரம், உள்ளே இருந்த சிஸ்டத்தை அணைத்தார். தேடித் தேடி அந்த நீளக்கோட்டைக் கண்டுபிடித்தார். குமிழைப் பிடித்தார். பச்சை நிறத்தில் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் ஆரஞ்சாகி அப்புறம் சிவப்பானது. ஏதோ எழுத்துக்கூட வந்தது. படித்தால் நேரமாகும். எல்லாம் அவளுக்கே என்று, இடிக்கிற அளவுக்கு வலது ஓரம் தள்ளிவிட்டார்.

அவள் வந்ததும் நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. இனிமே வீடு முழுக்க உனக்கு. எனக்கு வாசப்படி போதும்."

அவள் நம்பாமல்தான் உட்கார்ந்தாள். பழைய சிஸ்டம் எழுந்தது. கொக்கு மளமளவென்று வந்து நின்றது. ஒரு சொடுக்கில் கழுத்து வளைந்தது, ஒரு சொடுக்கில் இறக்கை நிரம்பியது. அவள் முகம் இளகியது. நிறுத்தாமல் போட்டுக்கொண்டே போனாள். காலுக்கு நிறம் கொடுத்தாள். கடைசியாகக் கண்ணுக்குக் கறுப்பை எடுத்து வைத்தாள்.

அவ்வளவுதான். இடது திரை உறைந்தது. வலது திரையும் உறைந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் சின்ன விளக்கு விடாமல் எரிந்தது. உள்ளே விசிறி மூச்சு வாங்கியது.

"சேவ் பண்ணினியா?" என்றார் நானேக்காரர்.

"கண்ணை வெச்சுட்டுப் பண்ணலாம்னு இருந்தேன். என்னங்க பண்ணினீங்க?"

"எல்லாத்தையும் உனக்கே கொடுத்தேன்!"

"வெளியில இருக்கறதுக்கு?"

நானேக்காரர் யோசித்துப் பார்த்தார். வெளியில் இருப்பதற்கு எதையும் விட்டுவைக்கவில்லை. வெளியில் இருப்பதன் தோளில்தான் உள்ளே இருப்பது உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. கீழே இருப்பவன் மயங்கினால் மேலே இருப்பவனும் சேர்ந்துதான் விழ வேண்டும்.

அவர் கை பழக்கத்தில் பிளக்கை நோக்கிப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிளக்கைத் தொட்டீங்க, கொக்கு போச்சு. கொக்கு போனா நானும் போயிடுவேன்."

கையை அவள் விடவில்லை. விட்டால் அவர் தட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து ஒற்றைக்கால் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மாளிகை ஒண்ணும் வேண்டாங்க" என்றாள் அவள். "வேலை செய்ய இடம் இருந்தாப் போதும். இன்னொண்ணு. நான் போட்டதை நான் போட்டதுன்னு சொல்லணும்."

"யார் சொல்லலைன்னது?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கொக்கைப் பார்த்தார். கொக்கும் கண்ணில்லாமல் அவரையே பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

"சரி" என்றார். மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிய அன்றைக்குக்கூட இவ்வளவு மூச்சு வாங்கியதில்லை. "சொல்லிட்டாப் போச்சு."

எவ்வளவு நேரம் ஆனதோ, வாசலில் வெயில் சாய்ந்த பிறகு, மணல்கடிகாரம் ஒரு முறை புரண்டது. கொக்கின் முகத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சேவ் பண்ணினாள். இன்னொரு பெரிய காத்திருப்பு. அப்புறம் சேவ் ஆனது. பழைய சிஸ்டத்தைப் பதமாக அணைத்தாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், எவ்வளவு வைக்கணும்டா? பாதிக்குப் பாதியா?"

"பச்சை இருக்கற வரைக்கும் வை அக்கா. பச்சை முடியற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கோ. வெளியில இருக்கறதும் பாவம், மூச்சு விடணும்ல. மாமா சிவப்புல வெச்சாரா?"

"சிவப்புக்கு அந்தப் பக்கம் இடம் இருந்திருந்தா அங்கயும் வெச்சிருப்பார்."

குமிழை அவளே தள்ளி, அவளே நிறுத்தினாள். இடது திரை தாராளமாக ஓடியது. வலது திரையில் மல்யுத்தம் மட்டும் கொஞ்சம் திக்கியது. தூக்கப்பட்ட ஆள் அந்தரத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கீழே விழுந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆறு ஊசிகளும் ஆறு கொக்குகளைத் தைத்தன. மேலே மாடிவீட்டுக்காரர் தட்டினார். மேனேஜர் வந்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்தார். இறகின்மேல் விரலை ஓட்டினார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"உயிரோட நிக்குதே! யார் போட்டது?"

பின்னால் கத்தரிக்கோல் நின்றது.

நானேக்காரரின் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டு திறந்தது. திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மேனேஜர் இவருக்கு உடம்புக்கு என்னவோ என்று ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவங்கதான்" என்று நானேக்காரர் மனைவியைக் காட்டினார். "எல்லாம் அவங்க போடறதுதான். முன்னாடி நீங்க பாத்ததும் அவங்க போட்டதுதான்."

மேனேஜர் மனைவியின் பக்கம் திரும்பி, தலையை ஆட்டி, கோட்டுக்கு ஓர் அளவு, துண்டுக்கு ஓர் அளவு வேண்டும் என்று அவளிடமே பேச ஆரம்பித்தார். துண்டில் புசுபுசுவென்று இருக்கும் நூல்மேல் கொக்கு புதைந்துபோகாமல் இருக்க அடியில் முதலில் ஒரு தையல் விரிப்பு கொடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். வேலை கடைக்கு வந்துவிட்டது. மூலைக்கடைக்காரருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதையும் அவள் அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டாள்.

மேனேஜர் படியிறங்கும்போது நானேக்காரர் வாசல்வரை கூடவே போனார். தலை மறுபடியும் பின்னால் சாய்ந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு சொல்றேன் சார். அந்தக் கொக்குக்கு ஆறு ஊசியிலயும் நூல் கோத்தது நான். என்னை மாதிரி நூல் கோக்க இந்தத் தெருவுல ஆள் கிடையாது. கண்ணாடியே போடறதில்லை."

உள்ளே கத்தரிக்கோல் மெதுவாகக் கடித்தது. மேஜைமேல் இரண்டு டம்ளர் டீ இருந்தது.